போலந்துச் சாப்பாடு சப்பென்று இருக்கிறதா, நமக்குத்தான் பிடிபடவில்லையா?

நெல்லைக்காரன்:

வணக்கம். டுசல்டார்ஃபில் நாலு வருஷம் இருந்துவிட்டு, வேலை மாறி எட்டு மாதம் முன்பு வ்ரோத்ஸ்வாஃப் வந்தேன். ஊர் பிடித்திருக்கிறது. டிராம், ஆற்றங்கரை, வாடகை எல்லாம் சரி. சாப்பாடுதான் ஒத்துவரவில்லை. அலுவலக கேன்டீனில் தினமும் ஒரு சூப், அவித்த உருளைக்கிழங்கு, ரொட்டித்தூள் போட்டுப் பொரித்த பன்றிக்கறி, ஓரத்தில் துருவிய கோஸ். எல்லாவற்றின் தலையிலும் சதகுப்பைத் தழை. உப்பு இருக்கிறது, மிளகு கொஞ்சம் இருக்கிறது, அவ்வளவுதான். உறைப்பு என்று உலகத்தில் ஒன்று இருப்பதே இவர்களுக்குத் தெரியாதா?

ஜெர்மன் சாப்பாட்டுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று நிஜமாகவே புரியவில்லை. பாதி ஜெர்மனி, பாதி ரஷ்யா என்கிறான் அறைத்தோழன். (அவன் டெல்லிக்காரன். பட்டர் சிக்கன் தவிர மற்றதெல்லாம் அவனுக்குப் பாதி பாதிதான்.) இங்கே வருஷக்கணக்கில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

ஏழாம்மாடி:

வார்சாவில் ஆறு வருஷம். கேன்டீனை வைத்து ஒரு நாட்டுச் சாப்பாட்டை எடைபோட்டால் எந்த நாடும் தேறாது, நண்பரே.

கொடுக்காப்புளி:

தம்பி, நானும் முதல் வருஷம் இதே புலம்பல்தான். கிராகோவ் வந்து பதினோரு வருஷம் ஆகிறது. என் அனுபவத்தைச் சொல்கிறேன். நீங்கள் உறைப்பைத் தேடுகிறீர்கள், அது கிடைக்காது. புளிப்பைத் தேடிப் பாருங்கள்.

கடையில் வெள்ளரி ஊறுகாய் பாட்டில் இரண்டு வகை இருக்கும். கொன்செர்வோவே என்று எழுதியிருந்தால் வினிகரில் போட்டது, இனிப்பும் புளிப்புமாக இருக்கும். ஜெர்மனியில் நீங்கள் சாப்பிட்டது பெரும்பாலும் அந்த ரகம். கிஷோனே என்று இருந்தால் வினிகரே கிடையாது. உப்புத்தண்ணீர், பூண்டு, சதகுப்பைத் தண்டு, ஒரு துண்டு குதிரைமுள்ளங்கி வேர், அவ்வளவுதான். தானாகப் புளிக்க விடுகிறார்கள். கோடையில் சந்தைக்குப் போனால் மவோசோல்னே கிடைக்கும். இரண்டு மூன்று நாள் மட்டுமே புளித்தது, உள்ளே இன்னும் பச்சை வெள்ளரியின் நறுக்கு இருக்கும். ஒன்றைக் கடித்துவிட்டு அப்புறம் சப்பு என்று சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

சூப்பும் அப்படித்தான். அந்தப் புளித்த வெள்ளரியைத் துருவிப் போட்டு ஒரு சூப், ஒகுர்கோவா. புளித்த கோஸில் ஒன்று, கபுஷ்நியாக். ஷ்சாவ் என்று ஒரு கீரை, நம் புளிச்சக்கீரையின் ஒன்றுவிட்ட தங்கை மாதிரி. அதில் சூப் வைத்து அவித்த முட்டையைப் பாதியாக வெட்டிப் போடுவார்கள். வெயில் காலத்தில் ஹ்வொத்நிக். பீட்ரூட் இளந்தழை, வெள்ளரி, முள்ளங்கி எல்லாவற்றையும் மோரிலோ கெஃபிரிலோ கலந்து, சில்லென்று, பஞ்சுமிட்டாய் நிறத்தில் வரும். புது உருளைக்கிழங்கை அவித்து வெண்ணெயும் சதகுப்பையும் போட்டு, பக்கத்தில் ஒரு கோப்பை புளித்த பால் வைப்பது கிராமத்து மதியச் சாப்பாடு. மோர்சாதம் சாப்பிட்டு வளர்ந்த வாய்க்கு இதற்கு மேல் அறிமுகம் வேண்டாம்.

இதற்கெல்லாம் ராஜா ஜூரெக். ரை என்ற தானியத்தின் மாவைத் தண்ணீரில் கரைத்து நாலைந்து நாள் புளிக்க வைத்த மாவுத்தண்ணீரில் செய்யும் சூப். மாவைப் புளிக்கவைத்துச் சாப்பிடும் ஊரிலிருந்து வந்துவிட்டு, மாவைப் புளிக்கவைத்துச் சாப்பிடும் இன்னொரு ஊரில் உட்கார்ந்துகொண்டு ஒன்றும் ருசியில்லை என்கிறீர்கள்.

நெல்லைக்காரன்:

அக்கா, அடி பலமாக இருக்கிறது. ஜூரெக் ஒரு முறை சாப்பிட்டேன். கொஞ்சம் கெட்டுப்போன வாடை வந்ததால் பாதியில் வைத்துவிட்டேன். அது கெட்டுப்போகவில்லை, அப்படித்தான் இருக்குமா?

கொடுக்காப்புளி:

அப்படித்தான் இருக்கும். :) வெளிநாட்டுக்காரர் ஒருவர் நம் மூன்றாம் நாள் இட்லி மாவை மோந்து பார்த்தால் என்ன சொல்வார் என்று யோசியுங்கள்.

வடலி:

நான் ஜெர்மனியில், டோர்ட்முண்ட். என் மனைவியின் அலுவலகத்தில் பாதிப் பேர் போலந்துக்காரர்கள். இந்த ரூர் பக்கம் சுரங்க வேலைக்கு அவர்கள் வந்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அதனால் ஒரு கேள்வி. புளித்த கோஸ் ஜெர்மனியிலும் இருக்கிறது, பீட்ரூட் சூப் உக்ரைனுடையது, கொழுக்கட்டை மாதிரி அந்தப் பியெரோகி எல்லா ஊரிலும் இருக்கிறது. போலந்துக்கென்று தனியாக என்ன மிஞ்சுகிறது? சண்டைக்குக் கேட்கவில்லை.

ஏழாம்மாடி:

வடலி அண்ணா, கேள்வி நியாயமானதுதான். ஆனால் தோசை யாருடையது என்று நம்மிடம் கேட்கிற மாதிரி இருக்கிறது.

பியெரோகியை எடுத்துக்கொள்வோம். மிகவும் பிரபலமானது பியெரோகி ருஸ்கியே. உருளைக்கிழங்கு, ட்வாருக் என்ற வெண்பாலாடைக்கட்டி, வதக்கிய வெங்காயம். பெயரைப் பார்த்து ரஷ்யப் பியெரோகி என்று மொழிபெயர்ப்பவர்கள் நிறைய. ருஸ் என்பது இன்றைய மேற்கு உக்ரைன் பக்கம் இருந்த பழைய ரூதேனியா நிலம், ரஷ்யா இல்லை. 2022-இல் போர் தொடங்கியதும் பல உணவகங்கள் பலகையில் அதை அடித்துவிட்டு 'உக்ரைன் பியெரோகி' என்று எழுதின. அதே பண்டத்துக்கு உக்ரைனில் வரேனிகி என்று பெயர். ரஷ்யப் பெல்மெனியில் பச்சை இறைச்சியை வைத்து மூடி அவிப்பார்கள், அளவும் சிறியது. ஸ்லோவாக்கியாவில் செம்மறிப் பாலின் பிரிந்த்ஸா பாலாடைக்கட்டியோடு வரும். மாவு ஒன்றுதான், உள்ளே போவதும் மேலே ஊற்றுவதும் ஊருக்கு ஊர் மாறுகிறது.

பீட்ரூட் சூப்பும் அப்படி. உக்ரைன் போர்ஷ்ச் கெட்டியானது. கோஸ், உருளை, கறி எல்லாம் கிடக்கும், ஸ்பூனை நட்டு வைக்கலாம். அதைச் சமைக்கும் மரபை யுனெஸ்கோ 2022-இல் உடனே காக்க வேண்டியவற்றின் பட்டியலில் சேர்த்தது. போலந்தின் கிறிஸ்துமஸ் பார்ஷ்ச் தெளிவாக, ரசம் மாதிரி இருக்கும். பீட்ரூட்டைப் புளிக்கவைத்து அந்தச் சாற்றில் செய்வது. அதில் காது வடிவத்தில் குட்டிக் கொழுக்கட்டை மிதக்கும், பெயரே ஊஷ்கா, அதாவது 'குட்டிக் காது'. இரண்டையும் அடுத்தடுத்துச் சாப்பிட்டுப் பார்த்தால் ஒரே பெயர் எப்படி வந்தது என்று தோன்றும்.

இன்னொன்று. இந்த நாடே 1795 முதல் 1918 வரை வரைபடத்தில் இல்லை. பிரஷ்யா, ஆஸ்திரியா, ரஷ்யா மூன்றும் பங்கு போட்டுக்கொண்டன. அதன் தடம் தட்டில் இன்னும் தெரியும். போஸ்னான் பக்கம் உருளைக்கிழங்கு ராஜ்யம். கிராகோவில் வியன்னா சாயலில் காபிக்கடை, கேக். வடகிழக்கில் லித்துவேனியா வாடை. அதனால் போலந்துச் சாப்பாடு ஒன்று என்று சொல்வதே பாதிதான் சரி.

சைவப்பூனை:

போஸ்னான் என்றதும் வந்துவிட்டேன். இங்கே படிக்கிறேன், இரண்டாம் வருஷம், சைவம். எங்கள் ஊர்ச் சாப்பாடு பீரி ஸ் க்ஜிக்கெம்: தோலோடு அவித்த உருளைக்கிழங்கு, மேலே ட்வாருக்கும் வெங்காயத்தாளும் கலந்த கலவை. வாரத்தில் நாலு நாள் அதுதான்.

ஆனால் ஒரு வயிற்றெரிச்சலைச் சொல்லியே ஆக வேண்டும். வந்த மாதம் ஓர் உணவகத்தில் பியெரோகி ருஸ்கியே வாங்கினேன். உள்ளே உருளையும் பாலாடைக்கட்டியும்தான், தெரியும். தட்டு வந்தது. மேலே பொன்னிறமாக என்னவோ தூவியிருந்தது, வறுத்த வெங்காயம் என்று நினைத்து வாயில் போட்டுவிட்டேன். பன்றிக் கொழுப்பைச் சிறு துண்டாக வறுத்தது! கேட்டதற்கு, "இது கறி இல்லையே, மேலே போடுவதுதானே" என்று பரிமாறியவர் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார்.

சைவர்கள் கவனத்துக்கு: "பெஸ் ஸ்க்வாரெக்" என்று சொல்லிவிட்டு ஆர்டர் செய்யுங்கள். காய்கறி சூப் என்று எழுதியிருந்தாலும் எந்தத் தண்ணீரில் கொதித்தது என்று கேளுங்கள். பாதிக்கு மேல் கோழித் தண்ணீர்.

பிராகா_பாண்டி:

செக் பக்கம் இதைவிட மோசம், தங்கச்சி. இங்கே சைவம் என்றால் பாலாடைக்கட்டியை ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்துத் தருவார்கள். சாப்பாட்டில் எனக்குத் தெரிந்த பெரிய வித்தியாசம்: செக்கில் எல்லாம் குழம்பை நம்பி இருக்கிறது. கறிக்குழம்பு, அதைத் துடைத்துச் சாப்பிட க்னெட்லீக் என்ற மாவு உருண்டை, பக்கத்தில் பியர். போலந்தில் சூப்பை நம்பி இருக்கிறார்கள்.

மொழியில் ஒரு எச்சரிக்கை. போலிஷில் 'தேடுகிறேன்' என்பதற்கான சொல்லைப் பிராகாவில் போய்ச் சொல்லிவிடாதீர்கள். இங்கே அது கெட்ட வார்த்தை. ரயில் நிலையத்தில் பெட்டியைத் தேடிய போலந்து நண்பரால் நான் பட்ட அவமானம் இருக்கிறதே.

கொடுக்காப்புளி:

சூப்பை நம்பி என்பது நூற்றுக்கு நூறு சரி. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வீடு ரோசூவ். கோழி, காரட், செலரி வேர், பார்ஸ்லி வேர், நெருப்பில் நேராகச் சுட்டுக் கருக்கிய வெங்காயம் ஒன்று. மூன்று நாலு மணி நேரம், கொதிக்கவே கூடாது, ஓரத்தில் ஒரு குமிழி வந்து வந்து போக வேண்டும். என் மாமியார் அடுப்புப் பக்கம் யாரையும் விடமாட்டார். கொதித்தால் கலங்கிவிடும், கலங்கினால் அன்றைக்கு முழுக்க முகம் சரியாக இருக்காது.

மிச்சத்தை என்ன செய்வார்கள்? திங்கட்கிழமை அதிலேயே தக்காளி விழுதைப் போட்டுப் பொமிடொரோவா ஆக்கிவிடுவார்கள். நம் வீட்டில் மிஞ்சிய குழம்புகள் மறுநாள் சுண்டக்கறி ஆவது மாதிரி. அதில் சோறு போடுவதா சேமியா போடுவதா என்று குடும்பங்கள் இரண்டாகப் பிரிந்து கிடக்கின்றன. எங்கள் வீட்டில் சோறு. நான் வருவதற்கு முன்பே சோறுதான் என்பதைப் பதிவு செய்துகொள்கிறேன்.

வடலி அண்ணாவுக்கு: ஜெர்மனியில் புளித்த கோஸைப் பெரும்பாலும் வேகவைத்துச் சூடாகத்தானே வைக்கிறார்கள்? இங்கே அதை அப்படியே பச்சையாக, துருவிய காரட்டும் எண்ணெயும் விட்டுப் பச்சடியாகச் சாப்பிடுகிறார்கள். அந்தக் கோஸின் சாற்றைத் தனியாகப் பாட்டிலில் விற்கிறார்கள், குடிக்க. முந்தின நாள் இரவு வோட்கா அதிகமானவர்களுக்கு மறுநாள் காலை அதுதான் மருந்து.

நெல்லைக்காரன்:

சரி அக்கா, புளிப்பை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மசாலா ஏன் இல்லை? நான் சீரகம் என்று வாங்கியதே சீரகமாக இல்லை! பாக்கெட்டில் க்மினெக் என்று இருந்தது, பார்க்க அதே மாதிரி. ரசத்தில் போட்டேன். வீடு முழுக்க பேக்கரி வாசனை, ரசத்தைக் கொட்ட வேண்டியதாயிற்று.

சைவப்பூனை:

ஹா ஹா, இங்கே எல்லாரும் ஒரு முறை விழும் பள்ளம் அது. க்மினெக் என்றால் சீமைச்சோம்பு, ரை ரொட்டியில் போடுவது. நம் சீரகத்துக்குப் பெயர் க்மின் ஜிம்ஸ்கி, 'ரோமானியச் சீரகம்'.

ஏழாம்மாடி:

மசாலா இல்லாத ஊராக எப்போதும் இருந்ததில்லை என்பதுதான் வேடிக்கை. முதல் போலிஷ் சமையல் நூல் 1682-இல் கிராகோவில் அச்சானது, ஒரு பிரபுவின் அரண்மனைச் சமையல்காரர் எழுதியது. அதில் மிளகு, குங்குமப்பூ, இஞ்சி, பட்டை, ஜாதிக்காய் எல்லாம் தாராளம். "மிளகாகவும் குங்குமப்பூவாகவும்" என்று ஒரு பழைய சொலவடையே உண்டு. தோருன் ஊரின் பியெர்நிக் கேக்குக்குப் பெயர் வந்ததே காரசாரமானது, மிளகு போட்டது என்ற பொருளில்தான். அந்த மிளகு எந்தக் கடற்கரையிலிருந்து கப்பலேறியது என்று சொல்ல வேண்டுமா?

அது பிரபுக்கள் வீட்டுக் கதை. குடியானவன் வீட்டில் கஞ்சி, கோஸ், ரை ரொட்டி. பின்னால் மேல்தட்டிலும் பிரெஞ்சு நாகரிகம் வந்து, நிறைய மசாலா போடுவது பட்டிக்காட்டுத்தனம் ஆகிவிட்டது. அப்புறம் போர், அதற்குப் பின் கம்யூனிஸ ஆட்சி. 1981 முதல் 1989 வரை இறைச்சிக்கு ரேஷன் அட்டை. என் வீட்டுக்காரப் பாட்டி அந்த அட்டைகளில் ஒன்றை இன்னும் அலமாரியில் வைத்திருக்கிறார், வெட்டாத கூப்பன்களோடு. "கூப்பன் இருந்தது, கறி வரவில்லை" என்று ஒரு நாள் காட்டினார். கறியே வராத கடையில் ஏலக்காய் எங்கே வரும்?

வடலி:

இது எனக்குப் புதுத் தகவல். நன்றி தம்பி.

நெல்லைக்காரன்:

சாப்பாட்டை விட்டு ஒரு கேள்வி. போன வாரம் ஓர் உணவகத்தில் 68 ஸ்வோட்டி பில். நூறு கொடுத்து "ஜெங்குயெ" என்று நன்றி சொன்னேன். அந்தப் பெண் பளிச்சென்று சிரித்துவிட்டுப் போனவர் போனவர்தான். மிச்சம் 32 வரவே இல்லை. ஏமாற்றா?

கொடுக்காப்புளி:

ஏமாற்று இல்லை தம்பி, நீங்களேதான் கொடுத்தீர்கள். காசு நீட்டும்போது ஜெங்குயெ சொன்னால் 'மிச்சத்தை வைத்துக்கொள்ளுங்கள்' என்று அர்த்தம். நீட்டும்போது "புரோஷெ" சொல்லுங்கள், நன்றியை மிச்சம் கைக்கு வந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

ஏழாம்மாடி:

அதனால்தான் நான் ரொக்கத்தையே தொடுவதில்லை. ஜெர்மனியிலிருந்து வந்தவருக்கு இங்கே முதல் அதிர்ச்சி பிளிக்தான். வங்கிச் செயலியில் ஆறு இலக்க எண் வரும், இரண்டு நிமிஷத்துக்குள் கடையில் தட்டினால் பணம் போய்விடும். ஏடிஎம்மிலும் அதே எண். 2015-இலேயே வந்துவிட்டது, நம் யூபிஐக்கு ஒரு வருஷம் முன்பே. டுசல்டார்ஃபில் பேக்கரிக்குச் சில்லறை எண்ணிக்கொண்டிருந்திருப்பீர்களே?

நெல்லைக்காரன்:

எண்ணினேன், எண்ணினேன். ஞாயிற்றுக்கிழமை கடை மூடல் மட்டும் இரண்டு ஊரிலும் ஒன்று.

ஏழாம்மாடி:

ஜெர்மனியில் அது பழைய பழக்கம். இங்கே 2018-இல்தான் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினார்கள். இப்போது வருஷத்தில் விரல் விட்டு எண்ணும் ஞாயிறுகளில்தான் பெரிய கடைகள் திறக்கும். உரிமையாளரே கல்லாவில் நின்றால் திறக்கலாம் என்பதால் தெருமுனைக் கடைகள் பிழைத்துக்கொள்கின்றன.

வடலி:

மரியாதைச் சொல் பற்றியும் யாராவது எழுதுங்களேன். மனைவியின் அலுவலகத்தில் அவர்கள் தங்களுக்குள் பேசும்போது பான், பானி என்றே போகிறது.

கொடுக்காப்புளி:

பான் என்றால் ஐயா, பானி என்றால் அம்மா. எதிரில் நிற்பவரையே படர்க்கையில் பேசுவார்கள். "பானி காபி குடிப்பாரா?" என்று என்னைப் பார்த்தே கேட்பார்கள். முதலில் பின்னால் வேறு யாரோ நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். ஊரில் "ஐயா சாப்பிட்டாங்களா?" என்று நேரில் கேட்கும் தொனிதான். வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக் கழற்றுவதும் நம்மைப் போல. ஆனால் வெறுங்காலோடு விடமாட்டார்கள், விருந்தாளிக்கென்று வீட்டுச் செருப்பு ஒரு ஜோடி தயாராக இருக்கும். வாசற்படியில் நின்று கைகுலுக்கினால் ஆகாது, ஒன்று உள்ளே வர வேண்டும், இல்லை வெளியே போக வேண்டும். பூ வாங்கிப் போனால் ஒற்றைப்படையில். இரட்டைப்படை சாவுக்கு.

திண்ணை (மட்டுறுத்தர்):

நன்றாகப் போகிறது, ஆனால் இழை சாப்பாட்டைப் பற்றியது. பான், பானிக்குத் தனி இழை தொடங்கலாம்.

சைவப்பூனை:

சாப்பாட்டுக்கே வருகிறேன். சைவத்துக்கு இந்த ஊரில் ஒரு நாள் உண்டு என்றால் அது கிறிஸ்துமஸுக்கு முந்தின மாலைதான். மீன் உண்டு, கறி இல்லை. போன வருஷம் தோழி வீட்டில் என்னையும் உட்கார வைத்தார்கள். வானத்தில் முதல் நட்சத்திரம் தெரிந்தால்தான் சாப்பாடு. அவளுடைய தம்பியை ஜன்னலில் நிறுத்திவிட்டார்கள். மூடுபனி, நட்சத்திரமாவது ஒன்றாவது! மாலை நாலரைக்கு அவன் ஏதோ விமானத்தைப் பார்த்துக் கத்தினான், எல்லாரும் ஒப்புக்கொண்டு மேசைக்கு வந்துவிட்டோம்.

மேசைவிரிப்புக்கு அடியில் வைக்கோல். ஒரு தட்டு கூடுதலாக, யாரும் உட்காராத இடம், எதிர்பாராமல் வருகிறவருக்கு. அப்புறம் ஒப்வாதெக், காகிதம் மாதிரி மெல்லிய அப்பம். என் துண்டிலிருந்து நீங்கள் ஒரு விள்ளல், உங்களதிலிருந்து நான் ஒரு விள்ளல், வாழ்த்துச் சொல்லிக்கொள்ள வேண்டும். பன்னிரண்டு பேருடன் அதைச் செய்து முடிப்பதற்குள் எனக்குத் தெரிந்த போலிஷ் வாக்கியங்கள் தீர்ந்துவிட்டன. உணவு வகையும் பன்னிரண்டு, எல்லாவற்றிலும் ஒரு வாயாவது. பார்ஷ்ச், காளானும் கோஸும் வைத்த பியெரோகி, கசகசா கேக், புகையூட்டிய உலர்பழம் போட்டுக் காய்ச்சிய கொம்பொத். அந்தக் கொம்பொத் மட்டும் அடுப்புச் சாம்பலைக் கரைத்த மாதிரி இருந்தது, மன்னிக்கவும்.

பிராகா_பாண்டி:

இங்கே அன்றைக்குப் பொரித்த கெண்டை மீனும் உருளைக்கிழங்கு சாலடும். இரண்டே ஐட்டம். மீனை உயிரோடு வாங்கி வந்து குளியல் தொட்டியில் விடும் கூத்து இரண்டு நாட்டுக்கும் பொது. பிள்ளைகள் அதற்குப் பெயர் வைத்துவிட்டால் தொலைந்தது, அப்பா ஆற்றில் விடப் போக வேண்டியதுதான்.

வடலி:

ஜெர்மன் அண்டை வீட்டில் அன்றிரவு சாசேஜும் உருளைக்கிழங்கு சாலடும். பன்னிரண்டு வகையைக் கேட்டால் மயங்கி விழுவார்கள். சரி, 'தனியாக என்ன மிஞ்சுகிறது' என்று நான் கேட்டதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

கொடுக்காப்புளி:

நெல்லைக்காரன் தம்பி, ஜூரெக் மாவுத்தண்ணீரை வீட்டிலேயே போட்டுப் பாருங்கள். ரை மாவு ஐந்து கரண்டி, அரை லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீர், தட்டிய பூண்டு நாலு பல், பிரிஞ்சி இலை இரண்டு, ஆல்ஸ்பைஸ் நாலு. கண்ணாடி ஜாடியில் ஊற்றித் துணியால் மூடி வையுங்கள், இறுக்கி மூடாதீர்கள். தினம் ஒரு முறை மரக்கரண்டியால் கலக்க வேண்டும். ஐந்தாம் நாள் சூப். இறக்கும்போது காய்ந்த மயெரானெக்கை உள்ளங்கையில் கசக்கிப் போடுங்கள். அது வேறொன்றும் இல்லை, பூச்சரத்தில் வைத்துக் கட்டுவோமே, நம் மருவுதான். முதல் முறை மாமியார் கசக்கியபோது அடுக்களையில் எனக்கு மதுரைப் பூக்கடை வாசனை வந்தது.

நெல்லைக்காரன்:

ஆறு நாள் கழித்து வருகிறேன். போட்டேன் அக்கா. மூன்றாம் நாள் ஜாடி பொங்கி மேசை முழுக்க வழிந்தது, அறைத்தோழன் ஜன்னல்களைத் திறந்துவிட்டுக் குளிரில் உட்கார்ந்திருந்தான். நேற்று சூப் வைத்தேன். வெள்ளை சாசேஜ், அவித்த முட்டை, மருவு. கடைசியில் பழக்க தோஷத்தில் இரண்டு வரமிளகாயைத் தாளித்துக் கொட்டிவிட்டேன். நன்றாகவே இருந்தது. அவனும் இரண்டு கிண்ணம் குடித்தான்.

கொடுக்காப்புளி:

மிளகாய் விஷயம் என் மாமியாருக்குத் தெரிய வேண்டாம். ஜாடியின் அடியில் கொஞ்சம் மிச்சம் வைத்தீர்களா? அடுத்த முறைக்கு அதுதான் உறை.

நெல்லைக்காரன்:

ஐயோ. ஜாடியைக் கழுவிவிட்டேனே.